காஸாவுக்கான உதவி எங்கே தடைப்படுகிறது? ஒரு கணிதத் தேற்றம் தரும் விடை

காஸாவில் பட்டினி என்ற செய்தி வரும்போதெல்லாம், இன்னும் நிதி திரட்ட வேண்டும், இன்னும் பொருட்கள் அனுப்ப வேண்டும் என்ற குரல் எமது சமூகத்தில் எழுகிறது. எண்ணம் நல்லது. ஆனால், தட்டுப்பாடு உண்மையில் எங்கே உருவாகிறது என்பதை விளங்கிக்கொள்ள ‘வலையமைப்புப் பாய்ச்சல்’ என்ற கணிதத்துறை உதவுகிறது.

பாதைகளின் வலையமைப்பொன்றில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பக்கூடிய ஆகக்கூடிய அளவு, அவ்விரு இடங்களையும் துண்டிக்கும் ஆகக்குறைந்த வெட்டின் கொள்ளளவுக்குச் சமம் என்று 1956இல் போர்ட், புல்கர்சன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர்கள் வெளியிட்டனர். தண்ணீர்த் தாங்கி எவ்வளவு பெரிதானாலும், குழாயின் மிக ஒடுங்கிய இடமே வரவைத் தீர்மானிக்கிறது.

இந்த ஆய்வின் பின்னணியும் கவனிக்கத்தக்கது. 1955இல் அமெரிக்க விமானப்படைக்காக றாண்ட் நிறுவனத்தில் ஹரிஸ், ரொஸ் ஆகியோர் சோவியத் ரயில் பாதைகள் பற்றி இரகசிய அறிக்கையொன்றைத் தயாரித்தனர். எங்கே தாக்கினால் போக்குவரத்து முடங்கும் என்பதே கேள்வி. 1999இல்தான் அது பகிரங்கமானது. அதிகம் அனுப்புவதற்கும் எளிதில் நிறுத்துவதற்கும் கணக்கு ஒன்றுதான்.

காஸாவின் நிலையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 2023 ஒக்டோபருக்கு முன்னர் நாளொன்றுக்குச் சுமார் 500 லொறிகள் உள்ளே சென்றன. 2024 மே 7இல் ரபாஹ் கடவையின் பலஸ்தீனப் பக்கத்தை இஸ்ரேலியப் படை கைப்பற்றியது. 2025 மார்ச் 2 முதல் சுமார் 11 வாரங்கள் எந்த உதவியும் அனுமதிக்கப்படவில்லை. எகிப்திலும் ஜோர்தானிலும் களஞ்சியங்களில் பொருட்கள் காத்திருந்தன.

கடவைகளைத் திறப்பதற்குப் பதிலாக, 2024இல் அமெரிக்கா சுமார் 23 கோடி டொலர் செலவில் மிதக்கும் இறங்குதுறை அமைத்தது. அது சுமார் 20 நாட்களே இயங்கியது. இறக்கியது 9,000 தொன்னுக்குச் சற்றுக் குறைவு. லொறியொன்றுக்கு 18 தொன் என்று கொண்டால் அது 500 லொறிகள், அதாவது போருக்கு முந்திய ஒருநாள் வரவு.

உள்ளேயும் ஒரு வெட்டு விழுந்தது. ஐ.நா.வின் சுமார் 400 விநியோக நிலையங்கள் இருந்த இடத்தில், 2025 மே மாதம் முதல் நான்கு நிலையங்களைக் கொண்ட ஏற்பாடு புகுத்தப்பட்டது. உணவு தேடிச் சென்ற நூற்றுக்கணக்கானோர் அவற்றின் சுற்றுப்புறங்களில் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 22இல் காஸா மாவட்டத்தில் பஞ்சம் உறுதிப்படுத்தப்பட்டது.

கணிதப் பாடநூலில் கொள்ளளவு என்பது வீதியின் அகலம், பாலத்தின் பலம் போன்றது. இங்கே அது ஓர் அரசாங்கத்தின் தீர்மானம். 2025 ஜனவரி யுத்தநிறுத்தத்தில் நாளொன்றுக்கு 600 லொறிகள் என இணங்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான லொறிகள் உள்ளே சென்றன. புதிய வீதி எதுவும் அதற்காகப் போடப்படவில்லை, கதவுதான் திறந்தது.

எனவே, எத்தனை கோடி வாக்களிக்கப்பட்டது என்பதோடு எமது கேள்வி நின்றுவிடக் கூடாது. எத்தனை கடவைகள், எத்தனை மணிநேரம் திறந்துள்ளன? எத்தனை லொறிகள் மக்களைச் சென்றடைந்தன? நிதி சேகரிக்கும் எமது அமைப்புகளும் அறிக்கை விடும் எமது அரசியல்வாதிகளும் முதலில் கேட்க வேண்டியவை இவையே.