ஜன்னல் ஓர இடம்

போன இதழில் ஊட்டிப் பயணம் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுச் சேலையூரிலிருந்து ஒரு இளம் தாய் கடிதம் போட்டிருக்கிறாள். “ஊட்டியும் கொடைக்கானலும் உங்களுக்கு, அக்கா. எனக்கு நாலு சுவர்தான். குழந்தைக்குப் பத்து மாதம். அவர் காலை ஏழரைக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டுக்குத்தான் வருகிறார். நடுவில் நானும் தொட்டிலும். சிரிப்பதே மறந்து போச்சு” என்கிறாள்.

கோபமான கடிதம்தான். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. மனதில் இருப்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறாளே!

சரி பெண்ணே, ஒன்று கேட்கிறேன். கொல்லைக் கதவைத் திறந்து சும்மா நின்று எத்தனை நாளாச்சு? துணி உலர்த்தப் போவது கணக்கில்லை. தாம்பரம் பக்கத்தில் இன்னும் வேப்பமரமும் முருங்கையும் இருக்கிற தெருக்கள் உண்டு. பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கும் வாசலைப் பெருக்காமல் ஐந்து நிமிஷம் விட்டுவையேன். அந்த வாசனையைக் காசு கொடுத்து வாங்க முடியுமா? பிறகு, மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தால் மண் படாத பூ சேரும். வெயிலில் நன்றாகக் காயவைத்து டப்பாவில் போட்டால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆச்சு.

கொடிக்கயிற்றிலோ, செம்பருத்திக் கிளையிலோ குப்பைக் கொத்து மாதிரி ஏதாவது தொங்கினால், ஒட்டடைக் குச்சியை எடுத்து வராதீர்கள்! தேன்சிட்டின் கூடாக இருக்கலாம். சிலந்தி நூலால் பிணைத்து, சருகும் மரப்பட்டைத் துணுக்கும் ஒட்டி, வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம்கூட வைத்துக் கட்டும். கட்டுவது பெண் சிட்டு. ஆண் சிட்டு கூடவே பறந்து மேற்பார்வை பார்க்கும். (நம் வீட்டுக் கதை மாதிரி இருக்கிறதா?) முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம். குஞ்சு வந்த பிறகு இரை ஊட்ட அப்பாவும் சேர்ந்துகொள்வார். அதையாவது உங்கள் வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள்!

வீட்டுக்குள் இருந்து அலுத்துவிட்டதா? கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, பகல் பதினொரு மணிக்கு மேல் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறு. பெண்கள் பெட்டி, ஜன்னல் ஓர இடம். டிக்கெட்டுக்கு ஒரு காபி விலைகூட ஆகாது. 1931-இல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கிய வண்டி இது. அந்தச் சின்னப் பாதை 2004-இல் முடிந்து, இப்போது ஓடுவதெல்லாம் அகலப் பாதையில். ஆனால் ஜன்னல் ஜன்னல்தான்.

முதல் ஸ்டேஷனே சானடோரியம். இந்தப் பெயர் ஏன் வந்தது தெரியுமோ? டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928-இல் இங்கே காசநோயாளிகளுக்காக ஓர் ஆரோக்கிய நிலையம் ஆரம்பித்தார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று, இவைதான் வைத்தியம். அதற்கு ஏற்ற இடம் என்று தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அன்றைக்கு இந்தக் காற்று எப்படி இருந்திருக்கும்!

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். காற்றும் மரமும் நோயாளிக்குத் தெம்பு தந்தன. நோயை விரட்டியது, 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் அதன் பின்னால் மற்ற மருந்துகளும் வந்த பிறகுதான். மனசுக்கும் அப்படியே. பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அதற்கு மேலும் நீடித்தால், தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தையைத் தூக்கக்கூட வெறுப்பாக இருந்தால், தேன்சிட்டைப் பார் என்று நான் சொல்லமாட்டேன். டாக்டரைப் பார் என்பேன். பிரசவித்த பெண்களில் நூற்றுக்கு 13 பேர் போல இப்படி அவதிப்படுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது திமிருமில்லை, சோம்பேறித்தனமுமில்லை. மாமியார்மார்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான்! 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். சேலையூர்ப் பெண்ணே, உன் கடிதத்தில் அந்தக் கடைசி வரி என்னை உறுத்துகிறது. இந்த வாரமே போய்க் காட்டிக்கொள்.

வண்டி நகரட்டும். குரோம்பேட்டை, குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். அடுத்தது பல்லாவரம். இங்கே 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் அறிஞர், கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடாரி ஒன்றைத் தரையிலிருந்து எடுத்தார். குழந்தை கொஞ்சம் பெரிசானதும் அந்த மலையைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லலாம். வெள்ளிக்கிழமையானால் பல்லாவரம் சந்தையில் இறங்கி ஒரு மல்லிகைப் பதியன் வாங்கிக்கொள். பேரம் பேசாமல் வாங்கினால் நமக்கே திருப்தி இருக்காது! திரிசூலம் வந்தால் எதிரே விமான நிலையம். விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்கப் பத்து மாதக் குழந்தைக்கும் கழுத்து திரும்பும்.

திரும்பும்போது சாயங்காலமாகிவிட்டால் கூட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்துப் பெண்கள் பெட்டியைப் பார்த்திருக்கிறாயா? ஒருத்தி அவரைக்காய் உரிப்பாள். ஒருத்தி கீரை ஆய்வாள். இன்னொருத்தி மடியில் மல்லிகையைக் கொட்டிக்கொண்டு, தாம்பரம் வருவதற்குள் முழம் கணக்கில் தொடுத்து முடித்துவிடுவாள். கைக்குழந்தையோடு ஏறுகிறவளைக் கண்டால் யாராவது ஒருத்தி, “இப்படிக் கொடும்மா” என்று கையை நீட்டுவாள். கொடுத்துவிட்டு, பத்து நிமிஷம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நில்.