பழைய காருக்குப் பட்டயம், பழைய லாரிக்குப் பழைய இரும்புக் கடையா?



ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ரெண்டே ரெண்டு வண்டி.

முதல் வண்டி, 1965-ல் வாங்கிய ஒரு கார். பங்களா ஷெட்டுக்குள்ளே துணி போர்த்தி நிக்குது. கண்காட்சி, ராலின்னா மட்டும் வெளியே வரும். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிப்படி, 50 வயசு தாண்டி, பழைய வடிவம் மாறாம இருக்கிற சொந்தப் பயன்பாட்டு வண்டியை 20,000 ரூபாய் கட்டிப் பதிவு பண்ணலாம். அந்தப் பதிவு 10 வருஷம் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். 'வி.ஏ.' எழுத்து போட்ட தனி நம்பர் பிளேட்டும் உண்டு.

ரெண்டாவது வண்டி, 2004 மாடல் லாரி. ராத்திரி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏத்தி, விடியறதுக்குள்ள மதுரையில் இறக்கும். திரும்பி வரும்போது கிடைச்ச லோடு. வயசு 20-ஐத் தாண்டிருச்சு. 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட புதுக் கட்டணப்படி, 20 வருஷம் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் 25,000 ரூபாய். எட்டு வயசு தாண்டிய லாரிக்கு எஃப்.சி. எத்தனை வருஷம் செல்லும்? ஒரே ஒரு வருஷம்.

இப்ப கணக்கைப் பாருங்க. ஷெட்டில் நிக்கிற காருக்குப் பத்து வருஷத்துக்கு 20,000. ஊருக்குக் காய்கறி சுமக்கிற லாரிக்குப் பத்து வருஷத்துக்கு ரெண்டரை லட்சம்!

கார் வெச்சிருக்கிறவர் மேல நமக்கு ஒரு கோபமும் இல்லை. பழசைப் பாதுகாக்கிறது நல்ல காரியம். நம்ம கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். ஒரே வயசு, ஒருத்தருக்குப் பெருமையாவும் இன்னொருத்தருக்கு அபராதமாவும் ஆனது எப்படி?

*அந்த ரெண்டாவது லாரி யாரோடது?*

எங்க பெரியப்பாவோடது. டி.என். 57 வண்டி. அவர்தான் ஓனர், அவர்தான் டிரைவர். எஃப்.சி. காட்டணும்னா என்ன நடக்கும்னு லாரி இருக்கிற வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வாரம் முன்னாடியே வண்டி பட்டறைக்குப் போயிடும். டிங்கரிங், பெயிண்ட், பிரேக் லைனர், லைட், ஒளிரும் ஸ்டிக்கர்னு ஒவ்வொண்ணா பார்க்கணும். அந்த ரெண்டு வாரமும் லோடு கிடையாது, வருமானம் கிடையாது. ஆனா வட்டி மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்.

இதையெல்லாம் பெரியப்பா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கறது நமக்கும் நல்லதுதானடா"ம்பார். இப்ப 25,000-ஐத் தனியா எடுத்து வெச்சிருக்கார். எந்தக் காசு தெரியுமா? முன் டயர் மாத்துறதுக்காகச் சேர்த்து வெச்ச காசு.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க தோழர்களே. சாலைப் பாதுகாப்புன்னு பேர் சொல்லி வாங்குற கட்டணம், சாலையில் வண்டியைப் பாதுகாக்கிற டயரைத் தின்னுட்டுப் போகுது.

*மெஷினுக்கு வயசு தெரியாது*

நான் மெக்கானிக்கல் படிச்சவன். அதனால ஒரு விஷயம் உறுதியா சொல்ல முடியும்.

பிரேக் டெஸ்ட் மெஷின்ல வண்டிச் சக்கரத்தை ரோலர் மேல ஏத்துவாங்க. ரோலர் சுத்தும், டிரைவர் பிரேக் மிதிப்பார். இடது சக்கரத்தில் எவ்வளவு பிடிப்பு, வலது சக்கரத்தில் எவ்வளவு, ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவுன்னு எண்ணாவே வந்துடும். புகை மீட்டரும் அப்படித்தான். புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்குதுன்னு ஹார்ட்ரிட்ஜ் அலகில் காட்டும். பி.எஸ்.-4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65, பி.எஸ்.-4 வண்டிக்கு 50 தாண்டக் கூடாதுன்னு சட்டத்திலேயே வரம்பு இருக்கு.

ரோலருக்கு 2004 மாடலும் ஒண்ணுதான், 2024 மாடலும் ஒண்ணுதான். சோதிக்கிற நேரம் அதேதான், கரண்டு அதேதான், ஆள் சம்பளமும் அதேதான். அப்புறம் கட்டணம் மட்டும் வயசு ஏற ஏற ஏன் ஏறுது? இது சோதனைக்கான கட்டணமே இல்லை. "போதும், வித்துட்டுப் போ"ன்னு கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுற கட்டணம்.

கமெண்ட்ல ஒருத்தர் வருவார். "ஸ்க்ராப் பாலிசி கட்டாயம் இல்லையே, விருப்பம்தானே"ம்பார். ஆமாங்க, 2021 ஆகஸ்ட் 13-ல் தொடங்கி வெச்ச திட்டத்தோட பேரிலேயே 'தன்னார்வம்'னு இருக்கு. ஆனா நடந்தது என்ன? அதே வருஷம் அக்டோபரில் வந்த கட்டண அறிவிக்கையில், 2022 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் 12,500. 2025-ல் 20 வருஷம் தாண்டினா 25,000. வாசல் கதவைத் திறந்து வெச்சுட்டு, வீட்டுக்குள்ள தீ வெச்சா, வெளியே வர்றவன் விருப்பப்பட்டு வர்றான்னு சொல்லுவீங்களா?

சரி, வித்துட்டே போறோம்னு வெச்சுக்குவோம். பழைய வண்டியை அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் உடைக்கக் கொடுத்து சான்றிதழ் வாங்கினா, புது வண்டிக்கு வரிச் சலுகை தரலாம்னு விதி இருக்கு. சொந்தக் காருக்கு 25 சதவீதம் வரை, 15 வருஷத்துக்கு. லாரிக்கு? 15 சதவீதம் வரை, 8 வருஷத்துக்கு. இங்கேயும் காருக்கு ஒரு தட்டு, லாரிக்கு ஒரு தட்டு! புது லாரி வாங்க பல லட்சம் வேணும். அதுக்குக் கடன் வாங்கி, தவணை கட்டி முடிக்கும்போது பெரியப்பாவுக்கு எழுபது வயசு ஆயிடும்.

அரசு தன் சொந்த வண்டிகளுக்கு 15 வருஷம்னு கெடு வெச்சிருக்கு, 2023 ஏப்ரல் 1 முதல். சரி, அரசுக்கு பட்ஜெட் இருக்கு. ஒத்தை லாரிக்காரருக்கு யார் பட்ஜெட் போடுவாங்க?

*"புகை, விபத்து, அதுக்கு என்ன சொல்றீங்க?"*

நியாயமான கேள்வி. நாம ஓடி ஒளிய வேண்டியதில்லை.

பழைய என்ஜின் புது என்ஜினை விட அதிகமா மாசு பண்ணும். பி.எஸ்.-6 வந்தது 2020 ஏப்ரலில். அதுக்கு முந்தைய வண்டிகளோட அதை ஒப்பிடவே முடியாது. இதை நாம மறுக்கல. பிரேக் பிடிக்காத வண்டி வத்தலக்குண்டு மலைப்பாதையிலோ சிறுமலை வளைவிலோ இறங்கினா என்ன ஆகும்னு திண்டுக்கல்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதனாலதான் வருஷா வருஷம் சோதனை வேணாம்னு நாம சொல்லவே இல்லை. இன்னும் கறாரா சோதிங்கன்னுதான் சொல்றோம்.

ஆனா கட்டணத்தை ஏத்தினா வண்டி சோதனைக்கு வருமா, சோதனையை விட்டு ஓடுமா? மோட்டார் வாகனச் சட்டம் 56-வது பிரிவுப்படி, எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வண்டிக்குப் பதிவே செல்லாது. விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க ஒரு காரணம் கிடைச்சிடும். அப்ப நஷ்டம் லாரிக்காரருக்கு மட்டுமா? எதிரே டூவீலர்ல வந்தவர் குடும்பத்துக்கும்தான். சோதனை மலிவா இருந்தாத்தான் மோசமான வண்டியும் மெஷின் மேல ஏறும். ஏறினாத்தான் பிடிபடும்.

டெல்லியில் என்ன நடந்துச்சு? 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல்னு வயசை மட்டும் வெச்சுத் தடை போட்டாங்க. 2025 ஜூலை 1-ல் பழைய வண்டிக்குப் பெட்ரோல், டீசல் கிடையாதுன்னாங்க, மக்கள் கொதிச்சதும் சில நாளிலேயே நிறுத்தி வெச்சாங்க. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயசை மட்டும் காரணமா வெச்சு நடவடிக்கை எடுக்காதீங்கன்னு சொல்லுச்சு. டிசம்பரில் அதை மாத்தி, பி.எஸ்.-4-க்கும் அதுக்கு மேல உள்ள வண்டிகளுக்கும் மட்டும் அந்தப் பாதுகாப்புன்னு ஆக்குச்சு. கவனிங்க, கடைசியில் பேச்சு எங்கே வந்து நிக்குது? வண்டியோட வயசுல இல்லை, புகையில. அதைத்தான் நாமளும் சொல்றோம்.

*லாரிக்கும் வரலாறு இருக்கு*

இன்னொரு அநியாயம் பத்தி யாரும் பேசறதில்லை. விண்டேஜ் விதியில் சரக்கு வண்டிக்கு இடமே இல்லை. வணிகப் பயன்பாடு இல்லாத டூவீலரும் காரும் மட்டும்தான் விண்டேஜ் ஆகலாம். முன்னாடி மூக்கு நீட்டிக்கிட்டு நிக்குமே ஒரு பழைய லாரி, மூணு எழுத்து நம்பர் போட்டது, நம்ம அப்பத்தா ஊர்ல பஞ்சு மூட்டை ஏத்தினது, அதுக்கு ரெண்டே வழிதான். ஓடுற லாரி மாதிரியே வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும், இல்லேன்னா பழைய இரும்புக் கடை.

நம்ம திண்டுக்கல் 1985 செப்டம்பர் வரைக்கும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்துச்சு. அந்த மதுரையில்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்டார். ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் கிடைக்காதப்ப, கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டுற கருவியையும் செஞ்சார். பெரியவங்க 'கரி பஸ்'னு சொல்லுவாங்களே, அந்தக் காலம். எண்ணூர்ல 1948-ல் தொடங்கின கம்பெனிதான் பிறகு அசோக் லேலண்ட் ஆச்சு. நிலக்கோட்டைப் பூ, நத்தம் மாம்பழம், சின்னாளபட்டிச் சேலை, திண்டுக்கல் பூட்டு, தோல், எல்லாம் எதில் ஏறிப் போச்சு? காரிலா போச்சு?

கோயம்புத்தூர்ல பழைய கார்களுக்கு மியூசியம் இருக்கு, போய்ப் பாருங்க, பெருமையா இருக்கும். ஆனா உழைச்ச வண்டிக்கு?

இங்கிலாந்தில் வரலாற்று வணிக வாகனச் சங்கம்னு ஒண்ணு இருக்கு. 1962-ல் இருந்து பழைய லாரி, பஸ், வேன்களை லண்டன்ல இருந்து பிரைட்டன் வரைக்கும் ஊர்வலமா ஓட்டிட்டுப் போறாங்க. அங்க 1960-க்கு முன்னாடி செஞ்ச லாரி, லோடு இல்லாம ஓடினா, வருடாந்திர சோதனையிலிருந்தே விலக்கு உண்டு. நாம அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சோதனை இருக்கட்டும், மரியாதையும் இருக்கட்டும்.

*நம்ம கோரிக்கைகள்*

1. எஃப்.சி. கட்டணம் சோதனைக்கு ஆகிற செலவை வெச்சு இருக்கணும். வயசை வெச்சு ஏத்தற அடுக்கை மத்திய அரசு திரும்பப் பெறணும்.

2. ஒண்ணு ரெண்டு வண்டி வெச்சு தானே ஓட்டுற சிறு உரிமையாளருக்குத் தனிச் சலுகை. பழைய வண்டியைக் கொடுத்துப் புது வண்டி வாங்கினா, காருக்குத் தர்ற அதே 25 சதவீதம், அதே 15 வருஷம்.

3. 50 வயசு தாண்டிய லாரி, பஸ்ஸையும் விண்டேஜ் வகையில் சேர்க்கணும். லோடு ஏத்தக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, ரோட்டுக்கு வரும் முன் பிரேக் சோதனை கட்டாயம். இந்த நிபந்தனைகளை நாமளே முன்வைக்கிறோம்.

4. தானியங்கிச் சோதனை மையம் கட்டாயம்னு முதல்ல 2023 ஏப்ரல் 1, அப்புறம் 2024 அக்டோபர் 1னு தேதியைத் தள்ளினாங்க. எந்த மாவட்டத்திலும் முதல்ல போதுமான மையம், அப்புறம்தான் கட்டாயம். எஃப்.சி. காட்ட அடுத்த மாவட்டத்துக்கு வெறும் வண்டியை ஓட்டிட்டுப் போற டீசல் காசை யார் தருவாங்க?

5. கட்டண விதி டெல்லியோடது. ஆனா வாகன வரி சென்னை கையில். தன் பங்கு வரிச் சலுகையை மாநில அரசும் உடனே அறிவிக்கணும். "மேலிடத்து விதி"ன்னு ஒதுங்கிக்க யாருக்கும் உரிமை இல்லை.

*நீங்க செய்ய வேண்டியது*

வாகன விதியில் திருத்தம் வந்தா, முதல்ல வரைவு அறிவிக்கை வரும். ஆட்சேபம் சொல்ல வழக்கமா 30 நாள் தருவாங்க. அந்த 30 நாளும் பெரிய கம்பெனிக்காரங்க எழுதுவாங்க, நாம ரீல்ஸ் பார்த்துட்டு இருப்போம். இனி அப்படி வேண்டாம். அடுத்த வரைவு வந்ததும் இதே பக்கத்தில், தமிழில், என்ன எழுதணும்னு மாதிரியோட போடறோம். உங்க தெருவில் லாரி வெச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட உக்காந்து அவர் கணக்கைக் கேட்டு எழுதுங்க. போன எஃப்.சி.க்கு என்ன செலவு, எத்தனை நாள் வண்டி நின்னுச்சு, எதைத் தள்ளிப் போட்டார். அந்தக் கணக்கு பத்து மேடைப் பேச்சுக்குச் சமம்.

லாரிக்காரத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கோபத்தில் எஃப்.சி. இல்லாம வண்டியை எடுக்காதீங்க. சண்டையை நாம போடுவோம், நீங்க பத்திரமா வீடு வந்து சேருங்க.

பெரியப்பா அடுத்த மாசம் வண்டியை பட்டறையில் விடறார். முன் டயர் இன்னும் மாத்தல.

படிச்சதோட நிறுத்தாதீங்க, பகிருங்க.

#வயசைப்_பார்க்காதே_பிரேக்கைப்_பார்
#லாரிக்கும்_மரியாதை
#எஃப்சி_கட்டணத்தைக்_குறை

— தகவல் தொழில்நுட்ப அணி, திண்டுக்கல்