குருதி நோயாளியினது, விலை கம்பனியினதா?

மருந்துக்கு விலை உண்டென்பதை உலகம் நெடுங்காலமாக அறியும். ஆயின், நோயாளியின் சொந்தக் குருதியை எடுத்து, அதனைத் திருத்தி, அவருக்கே திரும்ப விற்று, அதற்கு 475,000 அமெரிக்க டொலர் கேட்கும் காலம் வருமென எவர் எதிர்பார்த்தார்? அக்காலம் வந்துவிட்டது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், நோவார்ட்டிஸ் கம்பனியின் 'கிம்றியா' என்னும் சிகிச்சைக்கு அங்கீகாரம் வழங்கியது. ஒரே தடவை ஏற்றப்படும் அம்மருந்துக்குக் கம்பனி விதித்த விலையே மேற்சொன்ன தொகை. ஆஸ்பத்திரிச் செலவு இதில் அடங்காது.

இச்சிகிச்சையின் பெருமையை நாம் மறுப்பவர்களல்லர். நோயை எதிர்த்து நிற்கும் 'ரி' கலங்களை நோயாளியின் குருதியிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். வலுவிழக்கச் செய்யப்பட்ட வைரசு ஒன்றின் துணையால், புதிய பரம்பரை அலகொன்றை அக்கலங்களுட் செலுத்துகிறார்கள். அதன் பயனாக, புற்றுநோய்க் கலத்தின் மேற்பரப்பிலுள்ள அடையாளத்தை இனங்காணும் ஆற்றலை அவை பெறுகின்றன. பின்னர் அவற்றைப் பெருகச் செய்து, மீண்டும் நோயாளியின் உடலிலேயே ஏற்றுகிறார்கள். கைவிடப்பட்ட நோயாளரும் இதனாற் பிழைத்திருக்கிறார்கள். குருதிப் புற்றுநோயால் வாடிய 75 இளம் நோயாளருள் 81 சதவீதத்தினருக்கு மூன்று மாதத்துள் நோய் தணிந்ததென 2018இல் வெளியான ஆய்வு கூறுகிறது. 2010இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக இச்சிகிச்சை பெற்றவர்களுள் இருவரின் உடலில், பத்தாண்டு கழிந்த பின்னரும் அக்கலங்கள் உயிர்த்திருந்தன என்பது 2022இல் வெளியாயிற்று. விஞ்ஞானத்தின் இவ்வெற்றியை நாம் இருகை கூப்பி வரவேற்கிறோம்.

ஆயின், இவ்வெற்றிக்கு உரியவர் யார்? இதுவே நம் கேள்வி.

1989இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் செலிக் எஷ்காரும் அவர்தம் துணைவரும், இருவேறு புரதங்களின் பகுதிகளை இணைத்த ஏற்பியை உருவாக்கிக் காட்டினர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் குழுவினரும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஸ்டீவன் ரோசன்பேர்க் குழுவினரும் அதனை நோயாளர் படுக்கைவரை கொண்டுவந்தனர். பின்னையது முற்றாக அரசாங்க நிறுவனம். மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. நோவார்ட்டிஸ் பென்சில்வேனியாவுடன் கைகோத்தது 2012இலேதான். அதாவது, முதல் நோயாளர் பிழைத்தெழுந்ததை உலகம் கண்ட பின்னர்! இவ்வாராய்ச்சிக்கு அமெரிக்க அரசு செலவிட்ட தொகை 200 மில்லியன் டொலருக்கு மேலென, மருந்து விலையை எதிர்த்துப் போராடும் அந்நாட்டு நோயாளர் அமைப்பொன்று 2017இல் எடுத்துக்காட்டியது. வயலை உழுதவரும் விதைத்தவரும் மக்கள். அறுவடைக் காலத்தில் அரிவாளோடு வந்தவருக்கே களஞ்சியம் முழுவதுமா?

மற்றொரு கம்பனியின் கதையையும் கேளுங்கள். ரோசன்பேர்க் குழுவினரோடு ஒப்பந்தம் செய்து வளர்ந்த 'கைற்' என்னும் கம்பனியை, 'கிலியட்' என்னும் பெருங்கம்பனி 2017இல் ஏறத்தாழ 11.9 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அதன் மருந்தும் அங்கீகாரம் பெற்றது. விலை 373,000 டொலர். அப்பெருந்தொகையை இறுதியில் இறுப்பவர் நோயாளரன்றி வேறு யார்?

கம்பனிகளின் மறுமொழியையும் நாம் கேளாமலில்லை. 'ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே மருந்து செய்யவேண்டும். அது எளிய காரியமன்று. பரிசோதனைகளுக்கும் பெருஞ்செலவு' என்கிறார்கள். உண்மைதான். செய்பவருக்குக் கூலி வேண்டாமென நாம் சொல்லவில்லை. கூலி எவ்வளவு, கொள்ளை எவ்வளவு என்பதையே கேட்கிறோம். இதற்கு விடை பார்சிலோனாவில் இருக்கிறது. அந்நகரின் கிளினிக் ஆஸ்பத்திரி, தன் கூடத்திலேயே இத்தகைய மருந்தை உருவாக்கியது. அதே நோயால் துன்புற்ற இளம்பெண் ஒருத்தி தொடக்கிய நிதிதிரட்டலில் பொதுமக்களும் அதற்குப் பணம் தந்தனர். 2021இல் ஸ்பானிய மருந்து நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டது. அதன் விலை ஏறத்தாழ 89,000 யூரோ. கம்பனி மருந்துக்கு ஐரோப்பாவிற் குறிக்கப்பட்ட விலையில் மூன்றிலொரு பங்கிலும் குறைவு!

பம்பாய்க்குச் செல்வோம். அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு நிலையமும் சேர்ந்து வளர்த்த 'நெக்ஸ்கார் 19' சிகிச்சைக்கு 2023 ஒக்டோபரில் இந்திய அரசு அங்கீகாரம் வழங்கியது. அதன் விலை சுமார் 40 இலட்சம் இந்திய ரூபா. அமெரிக்க விலையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. அதுவும் ஏழைக்கு எட்டாக்கனியே என்பதை நாம் மறக்கவில்லை. எனினும், 475,000 டொலர் என்பது இயற்கையின் நியதியன்று, கம்பனியின் தீர்மானமே என்பதற்கு இவ்விரு நகரங்களும் சாட்சி.

இதைச் சொல்ல இலங்கையருக்கு உரிமை உண்டா? உண்டு. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராகிய பேராசிரியர் சேனக பிபிலே, வணிகப் பெயருக்குப் பணம் கொட்டுவதை விடுத்து, மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லிக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கினால் விலை வீழும் என்று செய்து காட்டியவர். பல்நாட்டுக் கம்பனிகள் அவரைப் பகைத்தன. பிற நாடுகள் அவரிடம் பாடங் கேட்டன. அன்று மாத்திரைக்குப் பொருந்திய நியாயம் இன்று கலத்துக்கும் பொருந்தும்.

நாம் கோருவன மூன்று. பொதுப்பணத்திற் பிறந்த கண்டுபிடிப்பைக் கம்பனிக்குக் கையளிக்கும்போது, விலைக்கு வரம்பும் அவ்வொப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். இத்தகைய கலங்களைத் தாமே ஆக்கும் உரிமையும் வசதியும் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு அளிக்கப்படவேண்டும். பொதுப்பணத்தால் விளைந்த காப்புரிமையில் தலையிட அமெரிக்க அரசுக்கு 1980ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த அதிகாரம், விலையைக் காரணங்காட்டி ஒருமுறையேனும் பயன்படுத்தப்பட்டதில்லை. அது உறையிலிருந்து உருவப்படவேண்டும்.

இன்சுலினைக் கண்டறிந்தோர் 1923இல் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அவர்கள் கணக்கறியாத மூடர்களல்லர். மருந்து யாருக்காக என்பதை அறிந்தவர்கள். குருதி நோயாளியினது, அறிவு பல தலைமுறையினது, பணம் மக்களினது. இம்மூன்றையும் சேர்த்துச் செய்த மருந்தை மக்களுக்கே மறுப்பது வாணிபமாகாது. அது வழிப்பறி என்போம். அதனை அப்பெயர் சொல்லியே அழைக்க அரசுகள் இனியேனும் துணியட்டும்!