காரைக் கீழேயே விட்டுட்டுப் போங்க!

மே மாசம் வந்துவிட்டால் போதும். பெங்களூரில் ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு கார். வெள்ளிக்கிழமை ராத்திரியே பெட்டி கட்டி, விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, மைசூரைத் தாண்டி, குண்டல்பேட்டையில் இட்லி வடை சாப்பிட்டு பந்திப்பூருக்குள் நுழைவார்கள். அப்புறம் முதுமலை, கூடலூர், நடுவட்டம், பைக்காரா, ஊட்டி. ஒரே பாதையில் இரண்டு தேசியப் பூங்கா, ஒரு முழு மலை. இதைவிட அழகான பாதை தென்னிந்தியாவில் இருக்கிறதா என்றால், இல்லை என்றே சொல்லலாம். அதில் சண்டை இல்லை.

சண்டை அந்தக் காரோடுதான்.

ஊர் திரும்பியதும் அந்தத் தம்பதியர் கணக்குப் போடுவார்கள். பெட்ரோல் இவ்வளவு, ரூம் இவ்வளவு, சாப்பாடு, போட் ஹவுஸ், வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், தைலம்... எல்லாம் பைசா சுத்தமாக எழுதியாகிவிடும். ஆனால் அந்தப் பயணத்தின் பெரிய செலவு அந்தச் சீட்டில் ஏறுவதே இல்லை. அதைக் கட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். வீட்டு வாசலிலிருந்து சேரிங் கிராஸ் வரை போக ஒரு மணி நேரம் ஆகிற ஊட்டிக்காரர்கள். மலைப்பாதையில் சைரன் போட்டபடி நகராமல் நிற்கும் ஆம்புலன்சுக்குள் படுத்திருப்பவர். சாலையைக் கடக்கக் குட்டியோடு மூங்கில் ஓரத்தில் காத்திருக்கும் யானை. (யானைக்கு யார் பில் அனுப்புவது!)

2011 கணக்குப்படி நீலகிரி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 7,35,394. அந்தச் சின்ன மாவட்டத்துக்கு சீசனில் தினம் சுமார் 20 ஆயிரம் வண்டிகள் வருவதாகத் தெரிந்த பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. முதல் வருஷம் அது வெறும் பெயர் பதிவுதான். கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. 2025 ஏப்ரல், மே, ஜூனுக்குத்தான் உச்சவரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு. உடனே ஏப்ரல் 2-ஆம் தேதி மாவட்டத்தில் கடையடைப்பு. பிழைப்பு போச்சு என்று வியாபாரிகள் கொதித்தார்கள்.

அவர்கள் கோபம் நியாயம். ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம் வேறு.

அந்த உச்சவரம்பு எதை எண்ணுகிறது என்று பாருங்கள். ஆளை அல்ல, வண்டியை. பன்னிரண்டு பேர் நெருக்கிப் பிடித்து வரும் வேனும் ஒன்று, கணவனும் மனைவியும் பின் சீட்டில் பெட்டியை உட்கார வைத்துக்கொண்டு வரும் காரும் ஒன்று. மலையில் இருப்பது 6,000 இடம் என்றால், ஒரு இடத்தை இரண்டே பேருக்குக் கொடுப்பது சுத்த விரயம். எல்லா வண்டியும் இரண்டு பேர் கார் என்றே வைத்துக்கொண்டால் மொத்தம் 12,000 பேர். அதே 12,000 பேரை 50 பேர் உட்காரும் பஸ்ஸில் ஏற்றினால்? வெறும் 240 பஸ்!! நடைக்கு நடை திரும்பினால் அதிலும் பாதி போதும். கடைக்காரருக்கு வர்க்கி வாங்குகிற வாய்தான் முக்கியம், அந்த வாய் காரில் வந்ததா பஸ்ஸில் வந்ததா என்பதல்ல. கார்களைக் குறைத்து ஆட்களைக் கூட்டுங்கள் என்று கடையடைப்பு நடத்தியிருந்தால் ஊரே கை தட்டியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு குரல் வரும். "பஸ்ஸுல போனா அது ரோடு ட்ரிப்பா? கார்ல போனாத்தான் நினைச்ச இடத்துல நிறுத்தலாம்."

அதுதான் விஷயமே. பந்திப்பூரிலும் முதுமலையிலும் காட்டுக்குள் போகும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தக் கூடாது. இறங்கக் கூடாது. மானுக்கும் குரங்குக்கும் எதுவும் போடக் கூடாது. அடிக்கு அடி போர்டு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் சட்டப்படி நடக்கிற தம்பதியருக்கு அந்தச் சாலையில் காரால் பஸ்ஸைவிடக் கிடைக்கிற கூடுதல் லாபம் என்ன? ஒன்றும் இல்லை. காரின் ஒரே லாபம், செய்யக் கூடாததைச் செய்ய முடிவதுதான். புள்ளிமானைப் பார்த்ததும் பிரேக், கண்ணாடி இறக்கம், சிப்ஸ் பாக்கெட், செல்ஃபி. பின்னால் நாற்பது வண்டி ஹாரன். 2025 ஆகஸ்டில் பந்திப்பூர் சாலையில் யானையைப் படம் பிடிக்கக் கிட்டே போனவர் துரத்தப்பட்டு, மிதிபட்டு, எப்படியோ உயிர் பிழைத்தார். வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் போட்டது. பஸ்ஸில் போயிருந்தால் இறங்கியிருக்கவே முடியாது. டிக்கெட் விலையோடு போயிருக்கும்!

மசினகுடி வழியாக ஏறும் கல்லட்டிப் பாதை இன்னொரு கதை. 36 கொண்டை ஊசி வளைவு. படத்தில் பார்க்க அருமை. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஏழு பேர் சென்ற கார் அங்கே பள்ளத்தில் விழுந்து இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. ஐந்து பேர் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை கடுமையானது. மலை ஓட்டிப் பழகாத ஒருவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு அதற்கு சுதந்திரம் என்று பெயர் வைப்பது என்ன நியாயமோ.

வண்டி வந்தால் விடுதி வரும். சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தின் மேலேயே ரிசார்ட்டுகள் முளைத்தது காருக்கு வசதியான சாலை இருந்ததால்தான். அந்த வழித்தடத்தைக் காப்பாற்றச் சொன்ன 2011-ஆம் வருஷ உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒன்பது வருஷம்! அடுத்த மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். காது கருகி அது செத்தது. அந்த விடுதியில் தங்க வருகிறவர்கள் யார்? "காட்டுக்குள்ள ஸ்டே" என்று தேடித் தேடி வரும் இதே ஜோடிகள்தான். டயரை அவர்கள் வீசவில்லை. வாடகை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சரி, கட்டணத்தை ஏற்றிவிடலாமே என்றால் அது இதைவிட மோசம். ஐயாயிரம் ரூபாய் நுழைவுக் கட்டணம் வைத்தால் பணக்காரர் சிரித்துக்கொண்டே கட்டுவார். கோயம்புத்தூர் மில் தொழிலாளி குடும்பம்தான் கல்லாறோடு திரும்பும். காடும் மலையும் காசுள்ளவர் சொத்தாகும். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து சயான் தேசியப் பூங்காவில் 2000-ஆம் வருஷமே வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஷட்டில் பஸ் ஓடும் சீசனில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் கார் கிடையாது. பஸ் இலவசம். கார் இல்லாமல் ஒரு வேளை வாழ முடியாத அமெரிக்கர்களே வரிசையில் நின்று ஏறுகிறார்கள்.

இங்கே பஸ் போதாது என்பது உண்மை. மே மாதம் மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ்ஸுக்கு ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் கூட்டத்தைப் பார்த்தால் எந்த மனைவியும் "கார்லயே போயிடலாங்க" என்றுதான் சொல்வார். அது அரசின் குற்றம், அவர் குற்றம் அல்ல. பாஸ் சரிபார்க்க சாவடிக்குச் சாவடி ஆள் போட முடிந்தவர்கள், கீழே பார்க்கிங்கும் மேலே போக பஸ்ஸும் ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு தடுத்திருக்க வேண்டும்.

இது ஏதோ புதுக் கனவும் இல்லை. பந்திப்பூர் சாலையில் 2009-லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. அப்போதும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளும் ஆம்புலன்சும் மட்டும் போகலாம். அதாவது, காட்டுக்குள் பஸ் போகலாம், கார் போகக் கூடாது என்ற விதி ஒரு நாளில் ஒன்பது மணி நேரம் ஏற்கெனவே இருக்கிறது. கேட்பதெல்லாம் ஏப்ரல், மே மட்டும் பகலிலும் சுற்றுலாக் கார்களுக்கு அதே விதி. காய்கறி லாரி போகட்டும், கூடலூர்க்காரர் வண்டி போகட்டும். பெங்களூர் ஜோடி குண்டல்பேட்டையில் இட்லி சாப்பிட்ட இடத்திலேயே காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரட்டும். ஸ்டீயரிங் பிடிக்கிற வேலை இல்லாததால் அந்தக் கணவரும் முதல் தடவையாகக் காட்டைப் பார்ப்பார்.