தண்ணீர் கேட்கத் தெரியாத பிள்ளையா அவள்?

தவளக்குப்பம் சந்திப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு தோழரின் வீட்டு மொட்டைமாடியில் மாலை நேர வகுப்பு நடத்துகிறோம். கட்டணம் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் வருவார்கள், வீட்டுப்பாடம் எழுதுவார்கள், சுண்டல் சாப்பிடுவார்கள், போவார்கள். போன ஆண்டு மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் அண்ணனோடு வந்து சேர்ந்தாள். அம்மா ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. முதல் வாரம் முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. ஆனால் வந்ததும் நேராகப் பானைக்குப் போய் இரண்டு சொம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பாள்.

"ஏம்மா, ஸ்கூல்ல தண்ணி குடிக்கலையா?" என்று கேட்டோம். அண்ணன்தான் பதில் சொன்னான். "அவ ஸ்கூல்ல தண்ணியே கேக்க மாட்டாக்கா. முதல் நாளு 'நீள்ளு'ன்னு கேட்டுட்டா. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. டீச்சரும் சிரிச்சிட்டாங்க. அதுலேர்ந்து அப்படித்தான்."

தண்ணீர் என்றதும் நம்மில் பலருக்கு 1927ஆம் ஆண்டின் மகாத் குளம் நினைவுக்கு வரும். இங்கே யாரும் குளத்துக்குப் பூட்டுப் போடவில்லை. குழாய் திறந்துதான் இருந்தது. அந்தப் பிள்ளை அதன் பக்கத்தில் போகக் கூச்சப்பட்டாள், அவ்வளவுதான். அந்த ஆசிரியரைக் கொடியவர் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. பிறகு அவரிடம் பேசினோம், அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "பாதிப் பிள்ளைங்களுக்குத் தமிழே எழுதத் தெரியல, பாடம் இங்கிலீஷ்ல, இதுல இந்தப் பொண்ணு தெலுங்கு. எனக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா, இப்படிப் பிள்ளைங்க வந்தா என்ன பண்ணணும்னு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குக் கல்வித் துறைதான் பதில் சொல்ல வேண்டும்.

புதுச்சேரியின் பட்டியல் சாதிகளை அறிவித்த 1964ஆம் ஆண்டு ஆணையை எடுத்துப் பாருங்கள். பறையர், பள்ளர், வள்ளுவர் என்ற பெயர்களோடு ஆதி ஆந்திரர், மாதிகா, மாலா, சக்கிலியர் என்ற பெயர்களும் அதில் இருக்கின்றன. அதாவது இந்த மண்ணின் பட்டியல் சாதி மக்களில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அரசுக்கு அறுபது ஆண்டுகளாகத் தெரியும். நகரைச் சுத்தம் செய்ய அவர்களை நினைவில் வைத்திருக்கிற நிர்வாகம், அவர்கள் பிள்ளை பள்ளிக்கு வரும்போது மட்டும் மறந்துவிடுகிறது. இவர்களோடு லாஸ்பேட்டைப் பக்கத்து நரிக்குறவர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பேசும் வாக்ரிபோலிக்குத் தமிழோடு உறவே இல்லை, அது வடக்கத்திய மொழிகளின் குடும்பம். பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெயர் சொல்லிக்கூட வெளியிடுவதில்லை. கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. பல மொழி பேசுகிற ஊர். 1956இல் பிரான்சோடு போட்ட ஒப்பந்தத்திலேயே, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சி மொழியாகத் தொடரும் என்று எழுதிவைத்தார்கள். வெள்ளை நகரத்தின் தெருப்பலகைகளில் இன்றைக்கும் பிரெஞ்சு இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் பிரெஞ்சு, வெளியில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளையை 'மூணு பாஷை தெரியும்' என்று உறவினர்களிடம் சொல்லிப் பூரிக்கிறோம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று அதே மூன்று மொழியோடு வளர்கிற துப்புரவுத் தொழிலாளியின் மகளை 'பேச்சு சரியா வரல' என்கிறோம். சாதி எந்த மொழிக்கு எவ்வளவு விலை போடுகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட வேறு ஆய்வு வேண்டாம்.

இதற்கிடையில் பாடத்திட்டமும் மாறிவிட்டது. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹேவுக்குக் கேரளத்துடையது, ஏனாமுக்கு ஆந்திரத்துடையது என்றுதான் நீண்ட காலம் இருந்தது. தொடக்க வகுப்புகளில் முன்பே சி.பி.எஸ்.இ. வந்துவிட்டது. 2023-24 கல்வியாண்டில் மேல் வகுப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள், 2025இல் முதல் அணி பொதுத்தேர்வை எழுதியது. எட்டாம் வகுப்புவரை தமிழில் அறிவியல் படித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று ஆங்கிலப் புத்தகத்தோடு உட்கார்ந்தது. தமிழ்ப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், தமிழே இரண்டாம் மொழியாக இருக்கிற பிள்ளை என்ன செய்யும்?

தவளக்குப்பத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடலூர் சாலையில் பேருந்தில் போனால் எது புதுச்சேரி, எது தமிழ்நாடு என்று கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கூலி வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே குடும்பம் நகரும். கடலூர் மாவட்டத்து ரெட்டிச்சாவடிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் இங்கே வாடகைக்கு வந்தால், பிள்ளைக்குச் சமச்சீர்க் கல்விப் புத்தகம் போய் சி.பி.எஸ்.இ. புத்தகம் வருகிறது. அதோடு குடியிருப்புச் சான்றிதழ் கேட்பார்கள், சாதிச் சான்றிதழ் எந்த மாநிலத்தது என்று கேட்பார்கள். பட்டியல் சாதியினரையே பூர்வீகம், குடிபெயர்ந்தவர் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே உச்ச நீதிமன்றம்வரை போன சண்டை. பெரியவர்களின் அந்தச் சண்டையில் பிள்ளை ஆறு மாதம் எந்தப் பள்ளியிலும் இல்லாமல் போவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழிவழிப் பயிற்றுவிக்கப் போதிய வசதி செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 29ஆம் பிரிவு, நடைமுறையில் முடிந்த அளவு பயிற்றுமொழி குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, தாமதமாக வந்து சேரும் குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரவைத்து, மற்றவர்களோடு சமமாக வரச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. 'முடிந்த அளவு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அதிகாரிகள் தப்பித்துக்கொள்வார்கள், தெரிந்ததுதான். ஆனால் முடியுமா முடியாதா என்று பார்க்கக்கூட ஒருவரும் முயன்றதில்லையே!

அமெரிக்காவில் 1974இல் ஒரு வழக்கு வந்தது. சான் பிரான்சிஸ்கோவின் சீன மொழி பேசும் மாணவர்களுக்காகத் தொடுத்த வழக்கு, லாவ் எதிர் நிக்கோல்ஸ் என்று பெயர். எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடம் கொடுத்துவிட்டோம், இது சமத்துவம்தானே என்றது பள்ளி நிர்வாகம். பாடம் நடக்கும் மொழியே புரியாத பிள்ளைக்கு இது சமத்துவம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் ஒடிசாவைப் பாருங்கள். 2006-07இல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கப் பள்ளிப் பாடங்களைத் தொடங்கினார்கள், பிறகு அது இருபத்தொன்றாக வளர்ந்தது. பக்கத்துக் கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 2017இல் 'ரோஷ்ணி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. புலம்பெயர்ந்த தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழி தெரிந்த தன்னார்வலர்கள் காலையில் பள்ளி நேரத்துக்கு முன்பே வகுப்பு எடுத்தார்கள். பிள்ளையின் மொழியில் தொடங்கி மெல்ல மெல்ல மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நகர்கிற முறை. காலைச் சிற்றுண்டியும் கொடுத்தார்கள். காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிற அம்மாக்களின் வீட்டில் அந்தச் சிற்றுண்டி எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும்.

எங்கள் சிறுமிக்கு ஏனாமிலிருந்து தெலுங்குப் புத்தகம் வரவழைத்துக் கொடுத்தால் தீர்ந்ததா? தீராது. ஏனாம் 800 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது, அது போகட்டும். பல தலைமுறைகளாகத் தமிழ் மண்ணில் புழங்கிய அந்தக் குடும்பத்தின் பேச்சுக்கும் ஆந்திரப் பாடநூல் தெலுங்குக்கும் நிறைய தூரம். அந்த எழுத்து அவள் அம்மாவுக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது. அவளுக்கு வேண்டியது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அவள் சொல்வதைப் புரிந்துகொள்கிற ஒரு ஆள். அவள் தெருவிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் அக்காக்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களை மதிப்பூதியத்தில் உதவியாளராக நியமிக்க எந்தப் பெரிய திட்டமும் வேண்டியதில்லை.

பெற்றோர் விஷயத்துக்கு வருவோம், அதுதான் எங்களை அதிகம் வதைக்கிறது. பெற்றோர் கூட்டம் வேலை நாளில் பகல் மூன்று மணிக்கு. போனால் அரை நாள் கூலி போகும், ஒப்பந்தக்காரர் திட்டுவார். அறிவிப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் வரும். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அது அப்பாவின் சட்டைப் பையில். கூட்டத்துக்குப் போன அம்மாவிடம் ஆசிரியர் பேசுவதை ஒன்பது வயது மகன்தான் மொழிபெயர்க்கிறான். தன்னைப் பற்றிய புகாரை அவனே எப்படி மொழிபெயர்ப்பான்? ஒருமுறை, 'உங்க பையன் கணக்குல ரொம்ப வீக்' என்று ஆசிரியர் சொன்னதை, 'நல்லா படிக்கிறேன்னு சொல்றாங்க' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா சந்தோஷமாகக் கைகூப்பிவிட்டு வந்தார். எங்களிடம் அதைச் சொல்லிச் சிரித்த பையன், அப்புறம் அழுதான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் படித்திருக்கிறீர்களா? பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள், நலிவுற்ற பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். ஒரு பள்ளியில் அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலில் ஒரு தாயின் பெயர் இருந்தது. அவரைப் போய்ப் பார்த்தோம். தான் உறுப்பினர் என்பதே அவருக்குத் தெரியவில்லை. "ஒரு நாளு கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன் தம்பி" என்றார்.

இங்கே நம் இயக்கத்துக்குள்ளேயே இரண்டு விஷயம் பேச வேண்டியிருக்கிறது.

தாய்மொழி என்று பேச ஆரம்பித்தாலே நம் தோழர்கள் சிலருக்குச் சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகம் சரியானது. தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு, சேரிப் பிள்ளைக்குத் தாய்மொழிக் கல்வியின் மகத்துவத்தைப் போதிக்கிறவர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். பாபாசாகேப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பியபோது தீண்டத்தகாதவன் என்று மறுத்துவிட்டார்கள், பாரசீகம் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எந்த மொழியை யார் படிக்கலாம் என்று அடுத்தவன் தீர்மானிக்கிற வேலை நமக்குப் புதிதல்ல. நம் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும், நன்றாக வேண்டும். அதற்காகவே சொல்கிறோம்: புரியாத மொழியில் இரண்டு ஆண்டுகள் வாய்மூடி உட்கார்ந்த பிள்ளைக்கு ஆங்கிலமும் வராது, தமிழும் வராது. தெரிந்த மொழியில் கணக்கைப் புரிந்துகொண்ட பிள்ளை அந்தக் கணக்கை எந்த மொழிக்கும் எடுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது விஷயம் கசப்பானது. இந்தித் திணிப்பு என்றால் முதல் வரிசையில் நிற்கிறோம், நிற்கவும் வேண்டும். ஆனால் அருந்ததியர் வீட்டுத் தெலுங்கைக் கேட்டால் நம் ஆட்களே 'வந்தேறி' என்கிறார்கள். தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோதும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உட்பிரிவை ஏற்றபோதும் முகநூலில் நம் தோழர்கள் எழுதியதைப் படித்தோம். உள் ஒதுக்கீட்டில் கருத்து வேறுபாடு இருக்கட்டும். மலம் அள்ளிய கைகளைப் பார்த்து 'உன் ஊருக்குப் போ' என்பவர் தலித் அரசியல் பேசவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை 'நீள்ளு' என்று கேட்டபோது சிரித்த வகுப்பில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை மறைக்காமல் எழுதுகிறோம். சிரித்த பிள்ளைகளில் இருவர் எங்கள் மொட்டைமாடி வகுப்புக்கும் வருகிறவர்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசினோம். இப்போது அவர்கள் அவளிடம் தெலுங்கு கற்றுக்கொள்கிறார்கள். கெட்ட வார்த்தைகளைத்தான் முதலில் கற்றுக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒவ்வொரு பள்ளியும் பிள்ளைகளின் தாய்மொழியைக் கணக்கெடுக்க வேண்டும், இரண்டாம் வகுப்புவரை தாய்மொழியிலோ பழகிய வட்டார மொழியிலோ கற்பிப்பதை நோக்கி நகர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதன் பின்னால் உள்ள தேசியக் கல்விக் கொள்கையோடு நமக்குப் பல சண்டைகள் உண்டு, மூன்றாம் மொழி என்ற பெயரில் எது உள்ளே வரும் என்பதும் தெரியும். ஆனால் நம் பள்ளிகள் இப்போது அந்த வாரியத்தின் கீழ் இருக்கின்றன, அந்தக் கணக்கெடுப்பு நமக்கு உதவும். எச்சரிக்கையாக இல்லாவிட்டால் எல்லோர் பெயருக்கும் நேராகத் 'தமிழ்' என்று எழுதிவிடுவார்கள், போஜ்புரி பேசுகிற பிள்ளைக்கு 'இந்தி' என்று எழுதிவிடுவார்கள். தாய்மொழி எது என்று சொல்ல வேண்டியவர் பெற்றோர்தான் என்று 2014இல் உச்ச நீதிமன்றமே கர்நாடக வழக்கில் சொல்லியிருக்கிறது. வீடு வீடாகப் போய் அதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டுத் 'தமிழ்னே எழுதிக்கோ' என்பார்கள், எங்களிடமும் சொன்னார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள்.

நாங்கள் தவளக்குப்பத்தைச் சுற்றி இரண்டு காலனிகளில் தொடங்கியிருக்கிறோம். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் குரல்பதிவாகப் பள்ளி அறிவிப்புகளை அனுப்ப ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். படிக்கத் தெரியாதவர்களும் கேட்பார்கள். பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள் என்று ஒரு பள்ளியில் மனு கொடுத்தோம், ஒரு முறை வைத்தார்கள். முப்பது பேர் வந்தார்கள். மொழிபெயர்க்க எங்கள் தோழர் ஒருவர் நின்றார், பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிறுமியின் அம்மா எழுந்து தெலுங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "என் பொண்ணு வகுப்புல எங்க உட்கார்றா?" கடைசி பெஞ்ச் என்று ஆசிரியர் சொன்னார். மறுநாள் இடம் மாற்றினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இன்னும் தேதி சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம்.