"உனக்கென்ன குறை?" என்று கேட்காதீர்கள்

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, வெளிநாட்டில் கட்டிக் கொடுத்த பெண்கள் போனில் எப்பப் பார்த்தாலும் புலம்புகிறார்கள், இருக்கிற சுகத்தின் அருமை தெரியவில்லை என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை.

எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி நார்வே நாட்டின் வடகோடியில், ஹம்மர்ஃபெஸ்ட் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நம்ம கன்னியாகுமரி பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 டிகிரி. அந்த ஊர் 70 டிகிரிக்கும் மேலே. நமக்கு வருஷம் முழுக்கப் பகல்பொழுதில் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் வராது. அங்கேயோ நவம்பர் 20 வாக்கில் மறைகிற சூரியன் ஜனவரி 20 வாக்கில்தான் திரும்பத் தலைகாட்டும். மத்தியானம் கொஞ்ச நேரம் நீலமாக ஒரு வெளிச்சம் வரும், அவ்வளவுதான். மே பாதியிலிருந்து ஜூலை கடைசி வரை இதற்கு நேர்மாறு, ராத்திரி 12 மணிக்கும் வெயில்! தடித்த திரையைப் போட்டு ஜன்னலை மூடிக்கொண்டு தூங்க வேண்டும். தெருவில் நமக்கு மாடு வருவதுபோல அங்கே கலைமான் வருமாம்.

குளிர்தான் ஆளைக் கொல்லும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. கடலில் வெதுவெதுப்பான நீரோட்டம் ஓடுவதால் அந்த ஊர்த் துறைமுகம் உறைவதே கிடையாது. குளிருக்குக் கம்பளி இருக்கிறது, இருட்டுக்கு எதைப் போர்த்துவது? அந்த ஊர்க்காரர்கள் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை தினமும் மீன் ஈரல் எண்ணெய் குடிக்கிறார்கள், வெயில் தராத சத்துக்காக. கோட்டில் ஒளி பட்டால் மின்னுகிற வில்லையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார்கள். சூரியன் திரும்பி வருகிற நாளை இனிப்பு ரொட்டி தின்று கொண்டாடுகிறார்கள். அது நம்ம பொங்கல் கழிந்து ஒரு வாரத்துக்கு அப்புறம். தை ஒண்ணாம் தேதி இந்தப் பிள்ளை பொங்கலிட்டு யாரைக் கும்பிடுவாள், சொல்லுங்கள்.

இவளுக்கு முன்பே நம் தமிழ்ப் பெண்கள் அந்தப் பக்கம் போய் வாழ்ந்திருக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பிப் போன தமிழர்கள் பலர், 1980களின் கடைசியிலிருந்து நார்வேயின் வடகரை மீன்பிடி ஊர்களில் குடியேறினார்கள். மீன் ஆலையில் ஈரத்திலும் குளிரிலும் மணிக்கணக்காக நின்று மீனைக் கீறி முள் எடுக்கிற வேலை. படித்தவர்களும் அதைச் செய்தார்கள். (குளச்சல், மணக்குடிக்காரர்களுக்கு ஒரு விஷயம்: அங்கே கருவாட்டுக்கு உப்பும் கிடையாது, வெயிலும் கிடையாது. பெரிய மரப் பரண்களில் மீனைத் தொங்க விட்டால் குளிர்காற்றே காய வைத்துவிடும்.)

ஆன்னே சிக்ஃப்ரிட் க்ரோன்செத் என்ற நார்வே ஆய்வாளர் அப்படி ஓர் ஊரில் தமிழர்களோடு தங்கிப் பழகி, 2010ல் ஒரு புத்தகம் எழுதினார். தமிழர்கள் தலைவலி, தோள்வலி, முதுகுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், டாக்டர் பார்த்தால் நோய் ஒன்றும் அகப்படாது. மருந்து கொடுத்தாலும் தீராது. சொந்தபந்தமும் கோயிலும் அக்கம்பக்கமும் சேர்ந்துதான் அவர்களை ஒரு மனுஷராக வைத்திருந்தது, அது இல்லாமல் போனதை உடம்பு வலியாகச் சொல்கிறது என்பது அவர் கண்டுகொண்ட விஷயம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. நாலு நாள் வாய்விட்டுப் பேச ஆள் இல்லாவிட்டால் நமக்கே தலை கனக்கிறதே! மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று "மதினி, இன்னைக்கு என்ன கறி?" என்று கேட்க ஒரு குரல் இருக்கிறதே, அது எவ்வளவு பெரிய மருந்து என்று இங்கே இருக்கிறவரை தெரியாது. அங்கே சொல்லாமல் ஒருத்தர் வீட்டுக் கதவை ஒருத்தர் தட்ட மாட்டார்களாம். அந்தப் பிள்ளை முதல் குளிர்காலத்தில் கை குடைகிறது, தூக்கம் வரவில்லை என்று அம்மையிடம் சொல்லியிருக்கிறாள். இங்கேயிருந்து போன பதில், "உனக்கென்னட்டி குறை? வீடு இருக்கு, காரு இருக்கு, மாமியார் தொல்லை கிடையாது." அதோடு அவள் வாய் அடைந்துபோயிற்று. அதற்கப்புறம் போன் பண்ணினால் "நல்லா இருக்கேன்" ஒன்றுதான்.

மாப்பிள்ளை பார்க்கும்போது ஜாதகம் பார்க்கிறோம், சம்பளம் விசாரிக்கிறோம். அந்த ஊரில் வருஷத்தில் எத்தனை நாள் சூரியன் உண்டு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், பெண் அந்த நாட்டு மொழியைப் படிக்க என்ன வழி, அவள் கைக்கு ஒரு வேலை கிடைக்குமா என்று யாராவது கேட்கிறோமா? மீன் ஆலை வேலை கஷ்டம்தான். ஆனாலும் அதற்குப் போன பெண்கள் கையில் சொந்தச் சம்பளம் இருந்தது, கூட நிற்க நாலு பேர் இருந்தார்கள். சமையலறையில் தனியே இருக்கிறவளுக்கு அதுவும் கிடையாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் பெற்றோருடன் இதே ஹம்மர்ஃபெஸ்டுக்குப் போன கம்சாயினி குணரத்தினம், 2015ல் ஆஸ்லோ நகரத் துணை மேயராகவும் 2021ல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் வந்தார். அதைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த முதல் குளிர்காலங்களை அவர் அம்மா எப்படிக் கழித்தார் என்று நாம் கேட்டதில்லை.

இப்போது அந்தப் பிள்ளை நார்வே மொழி வகுப்புக்குப் போகிறாள். அம்மையும் மாறிவிட்டார். வீடியோ போனை அடுப்படித் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டுத் தன் பாட்டுக்குத் தேங்காய் துருவுகிறார், மரச்சீனி அரிகிறார். பேசினால் பேச்சு, இல்லாவிட்டால் சும்மா. குளிர்காலத்தில் நமக்குச் சாயங்காலம் நாலரை மணி என்றால் அங்கே மத்தியானம் 12, அந்த நீல வெளிச்சம் இருக்கிற நேரம். அப்போது கூப்பிட்டால் பிள்ளை ஜன்னல் பக்கம் வந்து உட்காருவாளாம்.

- ஒரு வாசகி, பூதப்பாண்டி