கல்கத்தா துரையின் இரண்டு வெள்ளி

2024 ஜூலை 30. சென்னையில் அசோக் பில்லர் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கர் இரண்டாவது வெண்கலம் வாங்கிய செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம், சுதந்திரத்துக்குப் பிறகு இவர்தான் முதல் ஆள் என்றார்கள்.

மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “அதென்ன சார், சுதந்திரத்துக்குப் பிறகு? அதுக்கு முன்னாடி வாங்கின புண்ணியவான் யாரு?”

ஒரு வெள்ளைக்காரர். பெயர் நார்மன் பிரிட்சர்ட். வாங்கிய ஊர்கூட இதே பாரிஸ்தான், வருஷம் 1900. கல்கத்தாவில் பிறந்து, அங்கே செயின்ட் சேவியர்ஸில் படித்தவர். கால்பந்தில் சோவாபஜார் அணிக்கு எதிராக மூன்று கோல் போட்டவர். வங்காளத்தின் 100 கெஜ ஓட்டத்தில் 1894 தொடங்கி ஏழு வருஷம் வேறு யாரையும் ஜெயிக்கவிடவில்லை. 1900இல் இங்கிலாந்து போனவர், அங்கே தடை தாண்டும் ஓட்டத்தில் அமெரிக்கர் கிரென்ஸ்லைனுக்கு அடுத்ததாக வந்தார். அப்படியே பாரிஸ்.

அங்கே மைதானம் என்று தனியாக எதுவும் கட்டவில்லை. ஒரு பூங்காவின் மேடுபள்ளமான புல்தரையில்தான் ஓடினார்கள். உலகக் கண்காட்சியோடு சேர்த்து நடந்த போட்டி அது. ஓடியவர்களில் பலருக்குத் தாம் ஒலிம்பிக்கில் ஓடுகிறோம் என்பதே தெரியாது. பிரிட்சர்ட் ஐந்து பந்தயங்களில் இறங்கினார். 60, 100 மீட்டரில் ஆரம்பச் சுற்றோடு சரி. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் இறுதிவரை போய், பாதியில் நின்றுவிட்டார். 200 மீட்டரிலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் இரண்டாம் இடம். தடை ஓட்டத்தில் முன்னால் போனவர் மறுபடியும் அதே கிரென்ஸ்லைன். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை அப்போது கிடையாது. நாம் சொல்லும் ‘வெள்ளி’ பிற்பாடு எழுதிய கணக்கு.

அந்தக் கணக்குக்குத்தான் சண்டை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் ஏட்டில் அவர் இந்தியா. உலகத் தடகள சம்மேளனத்தின் ஏட்டில் பிரிட்டன். இங்கிலாந்துப் போட்டியில் ஓடித் தேர்வானவர், அதனால் அவர்களுடைய ஆள் என்பது ஒரு கட்சி. நான் கல்கத்தா கட்சி. கால் பழகியது அந்த மைதானத்தில்தானே? ஆனால் ஒரு நெருடலும் உண்டு. அதே மைதானத்தில் ஓடிய ஒரு வங்காளிப் பையனுக்கு யார் கப்பல் டிக்கெட் எடுத்துத் தந்திருப்பார்கள்? தொழிலதிபர் தோராப்ஜி டாடா முன்னின்று ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு நம்மவர்களை அனுப்ப 1920 ஆயிற்று.

பிரிட்சர்டுக்கு இந்த வழக்கில் அக்கறை இருந்திருக்குமா என்பதே சந்தேகம். ஊர் திரும்பி, இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராக இரண்டு வருஷம் இருந்தார். பிறகு கல்கத்தாவை விட்டார். பேரையும் நார்மன் டிரெவர் என்று மாற்றிக்கொண்டார். லண்டனில் நாடக மேடை, அங்கிருந்து நியூயார்க், கடைசியில் ஹாலிவுட் மௌனப் படங்கள். 1926இல் வந்த ‘போ ஜெஸ்ட்’ படத்தில் ராணுவ மேஜராக வருவது இவர்தான். படங்கள் பேச ஆரம்பித்த காலத்தில், 1929 அக்டோபரில், கலிஃபோர்னியாவில் செத்துப்போனார்.

இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. மாஸ்டர் உதயம் தியேட்டர் இருந்த திசையைப் பார்த்தார்.

“சினிமாவுக்கும் போயிட்டாரா? அப்ப நம்மாளுதான் சார்.”